கணிதத்திலும் அறிவியலிலும் படைப்பாற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கும் அறிவியலும் பேச்சில் வந்தாலே மாணவர்களும் பெற்றோர்களும், சில சமயம் ஆசிரியர்களும், இதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்ன எடுத்துக்காட்டுகளை வைத்தே பேசுகின்றன.

கணக்குல விடை ஒண்ணுதானே? அதுல படைப்பாற்றலுக்கு எங்கே இடம்?

விடை ஒன்றுதான். ஆனால் அதற்குப் போகும் வழிகள் பல. ஒரு நாக்-அவுட் போட்டியில் 64 பேர் ஆடுகிறார்கள், தோற்றவர் வெளியேறிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்? பெரும்பாலோர் முதல் சுற்றில் 32, அடுத்து 16, அப்புறம் 8, 4, 2, 1 என்று எழுதிக் கூட்டி 63 என்பார்கள். சரியான விடை.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஓர் ஆட்டம் முடிந்தால் ஒருவர் வெளியே போகிறார். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்ச வேண்டுமென்றால் 63 பேர் வெளியே போயாக வேண்டும். ஆகவே 63 ஆட்டங்கள். 64க்குப் பதிலாக 1,000 பேர் ஆடினால் முதல் வழி திணறும். நாலாவது சுற்றுக்கு 125 பேர் வந்து நிற்பார்கள், ஒருவருக்கு ஜோடி இருக்காது. இரண்டாவது வழிக்கு அந்தச் சிரமமே இல்லை. 999 என்று உடனே சொல்லிவிடலாம். ஜெயிப்பவர்களை எண்ணுவதை விட்டுத் தோற்பவர்களை எண்ணியதுதான் இங்கே நடந்த மாற்றம். நான் படைப்பாற்றல் என்று சொல்வது இதைத்தான்.

நெகிழ்வான சிந்தனைன்னு சொல்றாங்களே, அதுவும் படைப்பாற்றலும் ஒண்ணுதானா?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 18 × 5 என்பதை மனக்கணக்காகப் போடுங்கள். 20 × 5 = 100, அதில் 10 போனால் 90. அல்லது 50 + 40. அல்லது 18ஐப் பாதியாக்கி 5ஐ இரட்டித்து 9 × 10. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, வந்திருக்கும் எண்ணைப் பார்த்து வழியை மாற்றத் தெரிவது நெகிழ்வு. 19 × 5 என்றால் முதல் வழி சுலபம். 48 × 5 என்றால் மூன்றாவது.

அந்த மூன்றில் ஒன்றை யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கண்டுபிடிப்பது படைப்பாற்றல். அது உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை, கண்டுபிடித்தவருக்குப் புதிதாக இருந்தால் போதும்.

அதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும். என் மூளை அப்படி வேலை செய்யாதுங்க.

1942இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள். மூன்று குடுவைகள், 21, 127, 3 அளவு தண்ணீர் பிடிக்கும். சரியாக 100 அளவு வேண்டும். நடுக் குடுவையை நிரப்பி, அதிலிருந்து முதல் குடுவைக்கு ஒரு முறையும் மூன்றாவது குடுவைக்கு இரண்டு முறையும் ஊற்றினால் 127 − 21 − 3 − 3 = 100 கிடைக்கிறது. இதே வழியில் முடியும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார். அப்புறம் 23, 49, 3 அளவுக் குடுவைகளைக் கொடுத்து 20 அளவு கேட்டார்.

பழகிய வழியிலும் 20 வரும்: 49 − 23 − 3 − 3. ஆனால் 23இலிருந்து 3ஐ எடுத்தாலே 20 ஆயிற்றே! முந்தைய கணக்குகளைப் போட்டிருந்தவர்களில் மிகப் பலருக்கு இது கண்ணில் படவில்லை. நேராக இந்தக் கணக்குக்கே வந்தவர்கள் சுலபமாகக் கண்டார்கள். பிறகு 28, 76, 3 வைத்து 25 கேட்டபோது பழைய வழி பலிக்காது, 28 − 3தான் விடை. அங்கேயும் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் யாரும் மந்தமானவர்கள் இல்லை. பழக்கம் கண்ணை மறைத்தது, அவ்வளவுதான். ‘கண்ணை மூடிக்கொண்டு போடாதே’ என்ற பொருளில் ஒரு வரியை விடைத்தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னபோது இன்னும் நிறையப் பேர் குறுக்கு வழியைக் கண்டார்கள். ஒரு வரியால் மாறக்கூடிய விஷயத்தைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது? ஆளுக்கு ஆள் வேகம் வேறுபடும், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குவதற்கு அது காரணமாகாது.

அப்போ நிறைய பயிற்சிக் கணக்கு போடறதே கெடுதலா?

இல்லை. லூச்சின்ஸின் குடுவைகளில் வினையாக முடிந்தது ஒரே மாதிரிக் கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான். பல பாடப்புத்தகங்களின் பயிற்சிப் பகுதியும் அப்படித்தான் இருக்கிறது. தலைப்பிலேயே எந்த முறை என்று எழுதியிருக்கும், கீழே இருபது கணக்கு. முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலை மாணவருக்கு வருவதே இல்லை.

அதே இருபதைப் போன வாரத்துப் பாடம், போன மாதத்துப் பாடம் எல்லாவற்றோடும் கலந்து கொடுங்கள். போடுவதற்கு நேரம் கூடும், தப்பும் கூடும், பிள்ளைகள் முனகுவார்கள். ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் ‘இது என்ன வகை’ என்று நின்று பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டும். இன்னொன்று, பத்துக் கணக்கு முடித்த பிறகு அதில் ஒன்றை மட்டும் எடுத்து வேறு இரண்டு வழிகளில் போட்டுப் பார்ப்பது. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, பலன் தரும் பயிற்சி வேறில்லை.

வாய்ப்பாடு, ஃபார்முலா எல்லாம் மனப்பாடம் செய்தா சிந்தனை மழுங்கிடாதா?

புரியாமல் மனப்பாடம் செய்தால் மழுங்கும். புரிந்து நினைவில் வைத்தால் அதுவே மூலதனம். 1729 என்ற எண்ணைக் கேட்டதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று ராமானுஜன் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டியிடம் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். 12இன் கனம் 1728, 10இன் கனம் 1000, 9இன் கனம் 729 என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தவருக்குத்தான் 1728 + 1 என்பதும் 1000 + 729 என்பதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

அறிவியல்ல எல்லாமே சோதனை, அளவீடுதானே? கற்பனைக்கு அங்கே என்ன வேலை?

எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதைக் கருவி சொல்லாது. 1921இல் சி. வி. ராமன் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரை உலுக்கியது. வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பதுதான் ஆழ்கடலின் நீலம் என்று ராலே சொல்லியிருந்தார். அவர் அன்றைய பெரிய இயற்பியலாளர், மறுத்துப் பேச யாரும் யோசிப்பார்கள். ராமனிடம் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம் அது. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தளவிளைவு அடைந்திருக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளியை மட்டும் தடுத்துவிடலாம். தடுத்துப் பார்த்தார். பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று எழுதினார். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சுவதற்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது இன்றைய புரிதல். ஆனால் சிதறலைத் தொடர்ந்து போனதுதான் அவரை 1928இல் ராமன் விளைவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரதிபலிப்புதான் காரணம் என்றால் பிரதிபலிப்பை எடுத்துவிட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது இருக்கிறதே, கற்பனையின் வேலை அதுதான்.

மெண்டலீவ் 1869இல் தனிம அட்டவணை போட்டபோது சில கட்டங்களைக் காலியாக விட்டார். அங்கே உட்கார வேண்டிய தனிமங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி, சிலவற்றின் குணங்களையும் முன்கூட்டியே எழுதினார். 1875இல் அவற்றில் ஒன்றான காலியம் (gallium) கிடைத்தது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தியை 4.7 என்று அளந்தார். அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், அது 5.9க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள், 5.9 வந்தது.

குளிக்கும்போது, நடக்கும்போது திடீர்னு ஐடியா வருமாமே? அப்போ உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கறது வீண்தானா?

திடீரென்று வருவது உண்மை. யாருக்கு வருகிறது என்பதைத்தான் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொங்காரே ஒரு பயணத்தின்போது குதிரை வண்டிப் பேருந்தின் படியில் கால் வைத்த நொடியில் ஒரு பெரிய தொடர்பு தனக்குப் புலப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அது சம்பந்தப்பட்ட கணிதச் சார்புகளோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார். வீட்டுக்குத் திரும்பியதும் உட்கார்ந்து முறையாகச் சரிபார்க்கவும் செய்தார்.

ஐரிஷ் கணிதவியலாளர் ஹாமில்டன் கதை இன்னும் தெளிவானது. இரண்டிரண்டு எண்களாகச் சேர்ந்த சிக்கல் எண்கள் தளத்தில் வேலை செய்வதுபோல, முப்பரிமாண வெளிக்கும் மூன்று மூன்று எண்களாகச் சேர்த்துப் பெருக்க ஒரு வழியை அவர் வருடக்கணக்கில் தேடினார். 1843 அக்டோபர் மாதத் தொடக்கத்தில், காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போதெல்லாம் மகன்கள் “அப்பா, மும்மைகளைப் பெருக்க முடிகிறதா?” என்று கேட்பார்களாம். “இல்லை, கூட்டவும் கழிக்கவும்தான் முடிகிறது” என்பாராம். அக்டோபர் 16 அன்று மனைவியோடு டப்ளினில் கால்வாய் ஓரமாக நடந்துபோகையில் விடை வந்தது: மூன்று எண்கள் போதாது, நான்கு வேண்டும். அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே சமன்பாட்டைக் கத்தியால் கீறிவிட்டார். உழைக்கவும் வேண்டும், உழைத்த பிறகு விட்டுவிட்டு நடக்கவும் வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் நடைப்பயிற்சிதான் மிஞ்சும்.

விதியை உடைச்சாத்தான் புதுசா ஏதாவது வருமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஹாமில்டன் ஒரு விதியை விட்டார். சாதாரண எண்களில் a × b என்பதும் b × a என்பதும் ஒன்று. அவருடைய புதிய எண்களில் i, j, k என்று மூன்று அலகுகள் உண்டு; i × j = k, ஆனால் j × i = −k. அன்று வரை எல்லா எண்களுக்கும் பொருந்திய ஒன்றை விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதே சமயம் அவர் விடாமல் பிடித்துக்கொண்டதையும் பாருங்கள். வகுத்தல் வேலை செய்ய வேண்டும், இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் நீளங்களையும் பெருக்கினாற்போல் விடையின் நீளம் வர வேண்டும். இவற்றை இறுகப் பிடித்ததால்தான் எதை விடலாம் என்பது தெரிந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பதை மற்ற அடிப்படைகளிலிருந்து நிரூபிக்க இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றார்கள். 1733இல் சாக்கேரி என்ற இத்தாலியக் கணிதவியலாளர் அது பொய் என்று வைத்துக்கொண்டு விளைவுகளை வரிசையாக வருவித்தார். முரண்பாடு வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வந்தவை நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதவை என்று தள்ளிவிட்டார். புதிய வடிவியல் ஒன்றின் தேற்றங்கள் அவர் கையிலேயே இருந்தன. லொபச்செவ்ஸ்கி 1829இலும் போல்யாய் 1832இலும் அதைத் தயங்காமல் வெளியிட்டார்கள்.

ஆகவே உடைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நான் நம்பிக்கொண்டிருப்பதில் எது கணக்கு போட்ட நிபந்தனை, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க வேண்டும். குடுவைக் கணக்கில் மூன்று குடுவைகளையும் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிபந்தனையை மீறினால் அது வேறு கணக்கு. நாமே சேர்த்துக்கொண்டதை எந்தக் கூச்சமும் இல்லாமல் தூக்கிப்போடலாம்.

ஒரு கணக்குல மாட்டிக்கிட்டா எதுவுமே தோணலை. அப்போ என்னதான் செய்யறது?

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் புரியும். செஸ் பலகையில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 62 கட்டங்கள். டாமினோ என்ற செவ்வகத் துண்டு ஒன்று பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மறைக்கும். 31 டாமினோக்களால் பலகை முழுவதையும் மறைக்க முடியுமா? வைத்து வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டம் இடிக்கும். முடியாது என்று தோன்றும், ஏன் என்று தெரியாது.

முதலில் கணக்கைச் சின்னதாக்குங்கள். 2 × 2 பலகையில் எதிர்மூலைகளை எடுத்தால் மிஞ்சும் இரண்டு கட்டங்கள் மூலையில் மட்டும்தான் தொடும், பக்கத்தோடு பக்கம் ஒட்டாது. அவை இரண்டும் ஒரே நிறம். அங்கேதான் பொறி தட்டும். ஒவ்வொரு டாமினோவும் எங்கே வைத்தாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மறைக்கும். எதிர்மூலைகள் இரண்டும் ஒரே நிறம் என்பதால், மீதி இருப்பது ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30. 31 டாமினோவுக்கு 31ம் 31மும் வேண்டும். முடியாது, முடிந்தது கதை.

சின்னதாக்கிப் பார்ப்பது, ஒவ்வொரு அடியிலும் மாறாமல் இருப்பது எது என்று தேடுவது, முடிவிலிருந்து பின்னோக்கி வருவது, படமாக வரைவது, முந்தைய பதிலில் சொன்னபடி நானாகச் சேர்த்துக்கொண்டவற்றை ஒரு தாளில் எழுதுவது. எதுவுமே தோன்றாதபோது இதில் ஏதாவது ஒன்றைக் கை செய்துகொண்டிருக்கட்டும். தோன்றிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்குத்தான் எதுவும் தோன்றுவதில்லை.

நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தேன், ஒரே மாதிரி வருது. அது போதாதா?

போதாது. ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணையுங்கள், மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டுகளாகும். ஆறாவதுக்கு 32 என்று யாரும் சத்தியம் செய்வார்கள். எண்ணிப் பார்த்தால் 31. அதேபோல n² + n + 41 என்பது n = 0 முதல் 39 வரை பகா எண்ணாகவே கொடுக்கும். 40 போட்டால் 1681, அதாவது 41 × 41.

பொருந்தும் என்று நினைப்பதை மட்டுமே சோதிப்பது நம் எல்லோருக்கும் உள்ள குணம். 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதன் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மும்மூன்று எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். விதிக்குப் பொருந்துகிறதா என்று அவர் சொல்வார். 8, 10, 12 என்றார்கள், பொருந்தும் என்றார். ‘இரண்டு இரண்டாகக் கூடுகிறது’ என்று பலரும் முடிவுக்கு வந்தார்கள். உண்மையான விதி, ஏறுவரிசையில் ஏதாவது மூன்று எண்கள் என்பதுதான். 1, 2, 50 என்று சொல்லிப் பார்த்திருந்தால் தங்கள் ஊகம் தவறு என்று தெரிந்திருக்கும். உங்கள் ஊகத்தைக் கவிழ்க்கக்கூடிய எடுத்துக்காட்டை நீங்களே தேடுவதும் படைப்பாற்றலில் சேர்த்திதான். அதற்கும் கற்பனை வேண்டும்.

அப்படின்னா ராமானுஜன்? அவர் நிரூபணமே எழுதலையே!

தம் குறிப்பேடுகளில் பெரும்பாலும் எழுதவில்லை. காகிதம் விலை கூடுதல் என்பதால் சிலேட்டில் போட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினார். வழியே இல்லாமல் முடிவு வந்ததாக ஆகாது. பின்னால் வந்த கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்த்தார்கள், மிகப் பெரும்பாலானவை சரியாக இருந்தன. ஆனால் ஹார்டிக்கு அனுப்பியவற்றில் பகா எண்களின் பரவல் பற்றிச் சொன்னவற்றில் பிழை இருந்தது. சின்ன எண்களில் அற்புதமாகப் பொருந்தி, பெரிய எண்களில் கைவிடும் இடம் அது. மேலே பார்த்த 31 போலத்தான். அவ்வளவு பெரிய உள்ளுணர்வுக்கும் சரிபார்ப்பு தேவைப்பட்டது.

என் பையன் சொல்லிக்கொடுத்த மாதிரி போடாம வேற வழியில போடறான். விடை சரியா வருது. பாராட்டணுமா, திருத்தணுமா?

முதலில் அவனிடம் ‘எப்படிப் போட்டாய்’ என்று கேளுங்கள், அப்புறம் ‘எல்லா எண்ணுக்கும் இது வருமா’ என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் 16/64இல் மேலேயும் கீழேயும் இருக்கும் 6ஐ அடித்துவிட்டு 1/4 என்கிறான். விடை சரி. 19/95இலும் 9ஐ அடித்தால் 1/5, அதுவும் சரி. 12/24இல் 2ஐ அடித்தால் 1/4 வரும், ஆனால் விடை 1/2. தற்செயலாகப் பொருந்தியது என்று அவனே கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொருத்தி 52 − 38ஐ இடப்பக்கத்திலிருந்து போடுகிறாள். 50 − 30 = 20, 2 − 8 = −6, ஆகவே 20 − 6 = 14. கடன் வாங்கவே இல்லை. எந்த எண்ணுக்கும் இது பலிக்கும். இவளைப் பள்ளி முறைக்கு இழுத்து வந்து ‘இப்படித்தான் போட வேண்டும்’ என்று சிவப்பு மையால் அடிப்பது பெரிய அநியாயம். தேர்வுக்காகப் பள்ளி முறையும் தெரிந்திருக்கட்டும். அவள் முறை அவளிடமே இருக்கட்டும்.

நாங்க கணக்கு படிச்சவங்களே இல்லை, வயசும் ஆயிடுச்சு. இனிமே என்ன?

மார்ஜொரி ரைஸ் பள்ளிக் கணிதத்துக்கு மேல் படிக்காத அமெரிக்க இல்லத்தரசி. இடைவெளி இல்லாமல் தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களைப் பற்றி 1975இல் ஒரு பத்திரிகையில் படித்தார். தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டு, அடுத்த சில ஆண்டுகளில் அதுவரை யாரும் அறியாத நான்கு வகைகளைக் கண்டார். திரும்பத் திரும்ப அதே ஒழுங்கு வராத விதத்தில் மட்டுமே தளத்தை நிரப்பும் ஒற்றை வடிவம் உண்டா என்ற பழைய கேள்விக்கு விடையாக, தொப்பி போன்ற ஒரு வடிவத்தை 2022இல் கண்டவர் டேவிட் ஸ்மித். அச்சுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார். நிரூபணத்துக்கு மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்துகொண்டார், 2023இல் அறிவித்தார்கள்.

எவ்வளவு நேரம் ஒரே வழியில முயற்சி செய்யணும், எப்போ மாத்தணும்? விடாமுயற்சியும் நெகிழ்வும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கே?

கேட்டதிலேயே கடினமான கேள்வி இது. நேரக்கணக்கு வைத்துச் சொல்ல முடியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கடைசியாகத் தோற்றபோது புதிதாக ஏதாவது தெரிந்ததா? ‘இந்த இடத்தில், இந்தக் காரணத்தால் நிற்கிறது’ என்று நேற்றைவிடத் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் அதே வழியில் தொடரலாம். அதே இடத்தில் அதே மாதிரி மூன்றாவது தடவை முட்டினால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய வழி ஏன் நின்றது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

அந்த இரண்டு வரி எவ்வளவு பெறும் என்பதற்குக் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் இருக்கிறார். நீண்ட காலம் யாராலும் நிரூபிக்க முடியாதிருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக 1993இல் அறிவித்தார். அப்புறம் அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் போராடி, கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். 1994 செப்டம்பரில், தம் முறை ஏன் வேலை செய்யவில்லை என்பதையாவது புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தார். அது தோற்கும் காரணத்தையே கூர்ந்து பார்த்தபோது, வருடங்களுக்கு முன்னால் பலிக்காமல் ஒதுக்கிவைத்த இன்னொரு வழிக்கு இதுதான் தேவை என்று தெரிந்தது. தனித்தனியாகத் தோற்ற இரண்டும் சேர்ந்து ஓட்டையை அடைத்தன. திருத்திய நிரூபணம் 1995இல் அச்சில் வந்தது.